பழைய ஃபேஸ்புக் பதிவுகளை 'ஆர்க்கைவ்' பண்ணப் போறீங்களா? பல வருட எழுத்து காணாமல் போகும் 6 இடங்கள்!

பழைய பதிவுகளைப் பத்திரப்படுத்தப் போய், மொத்தமாகத் தொலைத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. தவறு எங்கே நடக்கிறது? டவுன்லோடு செய்த ஃபைலில் தமிழ் ஏன் தெரிவதில்லை? தொலைந்ததை மீட்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் ஒருவர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வந்ததும், படுக்கும் முன் ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதுவது அவர் பழக்கம். பத்து வருஷமாக எழுதுகிறார். 2020-ல் கொரோனா காரணமாக பக்தர்கள் இல்லாமலே மகாதீபம் ஏற்றப்பட்டதை எழுதியிருக்கிறார். 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்ததையும், அடுத்த 12 நாளில் மலையேற அனுமதி இல்லாமல் நடந்த தீபத்தையும் எழுதியிருக்கிறார். நடுவில் அப்பா இறந்த அன்று எழுதிய ஒரு பதிவும் இருக்கிறது.

ஒரு நாள், "பழசெல்லாம் எல்லாரும் பார்க்க வேணாம், எடுத்து தனியா வச்சுக்கலாம்" என்று உட்காருகிறார். இரண்டு மாதம் கழித்துத் தேடினால் ஒன்றுமே இல்லை.

இதில் ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. அவர் விரலால் தொட்ட ஒரு பட்டன்தான் காரணம். இப்படிச் சறுக்கும் இடங்கள் மொத்தம் ஆறு.

1. ஆர்க்கைவ் வேறு, டிராஷ் வேறு

ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை மொத்தமாகக் கையாளும் வசதி 2020 ஜூனில் அறிமுகமானது. 'ஆக்டிவிட்டி லாக்' பகுதிக்குப் போய் பதிவுகளை டிக் செய்தால், ஆர்க்கைவ், டிராஷ் என்ற இரண்டு பட்டன்கள் அருகருகே வரும்.

ஆர்க்கைவ் கொடுத்தால் பதிவு மற்றவர் கண்ணிலிருந்து மறையும், அவ்வளவுதான். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். டிராஷ் கொடுத்தால் 30 நாள் மட்டுமே இருக்கும். 31-வது நாள் தானாகவே அழிந்துவிடும். மறுபடி மறுபடி கேட்டு எச்சரிக்கவும் மாட்டார்கள்.

ஒவ்வொரு பதிவாகச் செய்தால் ஒரு பதிவுதான் போகும். நூறு பதிவுகளை டிக் செய்துவிட்டு பட்டனை மாற்றித் தொட்டால் நூறும் போகும். பதிவு போனால் அதன் கீழே நண்பர்கள் எழுதிய கமெண்ட்டுகளும் சேர்ந்தே போகும்.

என்ன செய்யணும்? பதிவுகளை மறைக்கத் தொடங்கும் முன்பே டவுன்லோடை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே கைதவறியிருந்தால், இன்றே டிராஷ் பகுதியைத் திறந்து பாருங்க. 30 நாள் முடியவில்லை என்றால் மீட்டுவிடலாம்.

2. 'ஆல் டைம்' கொடுக்க மறப்பது

டவுன்லோடு செய்ய அக்கவுன்ட்ஸ் சென்டருக்குப் போய், உங்கள் தகவல்களை எக்ஸ்போர்ட் செய்யும் பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு இடம் இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் கடைசி ஒரு வருடப் பதிவுகள் மட்டும் வந்து சேரலாம். 'ஆல் டைம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் முழுசாக வரும்.

ஃபைல் வந்ததும் நிறைய பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "டவுன்லோடு ஆயிடுச்சு" என்ற நிம்மதியில் கணக்கையே அழித்துவிடுகிறார்கள். கணக்கை நிரந்தரமாக அழிக்கக் கொடுத்தால், மனம் மாறித் திரும்ப வர 30 நாள்தான் அவகாசம். அதன் பிறகு வாய்ப்பே இல்லை.

3. தமிழ் எழுத்து ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது?

தமிழ் போல ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் எழுதுபவர்களுக்கு வரும் சிக்கல் இது. டவுன்லோடு செய்யும்போது ஹெச்டிஎம்எல், ஜேசன் என இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஜேசன் என்பது ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளுக்குத் தரவு கொடுக்க உருவான வடிவம். அதில் எடுத்தால் தமிழே இருக்காது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' குறி என்று வரிசையாக ஏதேதோ ஓடும்.

காரணம் இதுதான். 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 'அம்மா'வுக்கு 15 பைட். ஃபேஸ்புக் தரும் ஜேசன் ஃபைலில் இந்த 15 பைட்டும் 15 தனித்தனி எழுத்துகளாகப் பதிவாகிவிடுகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் போதும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இந்தப் பிரச்னை கண்ணில் படாது.

நல்ல செய்தி என்னன்னா, எழுத்து அழியவில்லை. தப்பாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவே. அந்தக் கிறுக்கலை லத்தீன்-1 ஆக எடுத்து, திரும்ப யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வைத்தால் தமிழ் அப்படியே வந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்த யாரும் சில வரிகளில் செய்து கொடுப்பார்கள்.

"ஃபைல் கெட்டுப்போச்சு" என்று நினைத்து அதை டெலிட் செய்துவிடுவது முதல் ஆபத்து. இரண்டாவது ஆபத்து, சரியாக வந்த தமிழ் ஃபைலை நோட்பேடில் திறந்து 'ஆன்சி' முறையில் சேமிப்பது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒரு கேள்விக்குறியாக மாறும். அதை யாராலும் மீட்க முடியாது, ஏன்னா அங்கே கேள்விக்குறியைத் தவிர வேறு எதுவும் மிச்சம் இல்லை.

என்ன செய்யணும்? படித்துப் பார்ப்பதற்கு ஹெச்டிஎம்எல் எடுங்க. சாதாரண பிரவுசரிலேயே தமிழ் ஒழுங்காகத் தெரியும். சேமிக்கும்போது எப்போதும் யூடிஎஃப்-8.

தமிழுக்கு இது புதுசும் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த காலம் ஒன்று இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஃபைல்கள் வெறும் கிறுக்கல்தான். 2010-ல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்து ஃபைல் உங்கள் பழைய சிடியில் கிடந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க, எழுத்துரு மாற்றி மூலம் இன்றும் படிக்கலாம்.

4. நாலு நாள்தான் டைம்

எக்ஸ்போர்ட் கேட்டவுடனே ஃபைல் வந்துவிடாது. பதிவுகள் அதிகமாக இருந்தால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். தயாரானதும் தகவல் வரும். அதன் பின் 4 நாள் மட்டுமே அந்த டவுன்லோடு இருக்கும். மெயில் பார்க்காமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். எக்ஸ் தளத்திலும் கேட்ட பிறகு 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

கணக்கை அழிப்பதை எல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம். கேட்டோம், வந்தது, திறந்தோம், பழைய வருடப் பதிவு ஒன்றைப் படித்துப் பார்த்தோம் என்ற நாலும் நடந்தால்தான் உங்களிடம் பிரதி இருக்கிறது என்று அர்த்தம்.

5. மற்றவர்கள் எழுதியது வராது

நிறைய பேருக்கு இது தெரியாது. உங்கள் பதிவுக்குக் கீழே அடுத்தவர் எழுதிய கமெண்ட்டுகள் உங்கள் டவுன்லோடில் இருக்காது. அவை அவரவர் எழுத்து, அவரவர் கணக்கின் தரவு. நீங்கள் அடுத்தவருக்கு எழுதிய கமெண்ட்டு வரும், ஆனால் எதற்கு பதிலாக எழுதினீர்கள் என்பது இருக்காது.

மேலே சொன்ன உதாரணத்தில், முன்பே டவுன்லோடு செய்திருந்தால் அப்பா இறந்த அன்று எழுதிய பதிவு கையில் இருந்திருக்கும். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது மகனின் பதிவுகளுக்குக் கீழே "நல்லா எழுதியிருக்கப்பா" என்று போட்ட வரிகள் அந்த ஜிப் ஃபைலில் கிடையாது. பலருக்கு பதிவைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம்.

என்ன செய்யணும்? முக்கியமான பதிவுகளைத் தனித்தனியாகத் திறந்து, கமெண்ட்டுகளை முழுசாக விரித்து, ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அல்லது பிரின்ட் வழியாக பிடிஎஃப் ஆக்குங்க. பிடிஎஃப்பில் இருந்து தமிழைக் காப்பி செய்தால் பல நேரம் எழுத்து இடம் மாறி வரும். அதனால் எழுத்தை மட்டும் தனி டெக்ஸ்ட் ஃபைலாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

லைவ் வீடியோவுக்கும் இப்போது கெடு உண்டு. 2025 பிப்ரவரி 19-க்குப் பிறகு போடும் ஃபேஸ்புக் லைவ் 30 நாள் மட்டுமே இருக்கும். அதற்கு முந்தைய லைவ்களுக்கு, தகவல் கொடுத்து 90 நாள் அவகாசம் தந்து அழிப்பதாக மெட்டா அறிவித்தது. தீபத்தன்று லைவ் போட்டவர்கள், 30 நாளுக்குள் டவுன்லோடு செய்துவிடுங்கள்.

6. ஒரே ஒரு இடத்தில் வைப்பது

டவுன்லோடு செய்த ஜிப் ஃபைல் போனிலேயே இருக்கும். போன் மாறும்போது அதுவும் போய்விடும். கூகுள் டிரைவில் போட்டு வைத்தாலும், இரண்டு வருடம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கலாம் என்ற விதி இருக்கிறது.

தளமே மூடப்படுவதும் புதிதல்ல. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-ல் போனது. நீளக் கட்டுரைகள் எழுதப் பலரும் பயன்படுத்திய ஃபேஸ்புக் நோட்ஸில் 2020 அக்டோபர் 31-க்குப் பிறகு எழுத முடியாமல் போனது. மைஸ்பேஸ் தளத்தில், சர்வர் மாற்றத்தின்போது 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும் தொலைந்துவிட்டதாக 2019-ல் தெரியவந்தது. 2020 ஜூன் 29-ல் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, பிரதி எடுக்காதவர்களின் வீடியோ எல்லாம் ஒரே ராத்திரியில் கைக்கு எட்டாமல் போனது.

இணையக் காப்பகமான வேபேக் மெஷினில் இருக்குமே என்று நம்பி இருக்க வேண்டாம். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி போட்ட பதிவுகள் அதில் பதிவாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பகுதிகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதன்படி, 2 கோடிக்கு மேல் பயனர்கள் கொண்ட சமூக வலைதளங்கள், மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவரின் தனிநபர் தரவை, சில விதிவிலக்குகளோடு, அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு தகவல் சொல்ல வேண்டும்.

உங்கள் அந்தரங்கத்துக்கு இது பாதுகாப்பு. ஆனால் பழைய மெயில் ஐடி, கைவிட்ட போன் நம்பரோடு ஒரு கணக்கு கிடந்தால் அந்த 48 மணி நேரத் தகவல் உங்களுக்கு வந்து சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம், தரவை எடுத்துக்கொண்டு போகும் உரிமையைத் தனியாகத் தருகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு தனி உரிமை இல்லை. ஆனால் நமக்குப் பிறகு நம் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நாமினியாக நியமிக்க வழி இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் 'லெகசி கான்டாக்ட்' என்று ஒருவரை இப்போதே குறிப்பிடலாம். நீங்கள் அனுமதித்தால் அவர் உங்கள் பதிவுகளின் பிரதியை டவுன்லோடு செய்ய முடியும்.

எந்த வரிசையில் செய்யணும்?

* முதலில் கணக்கில் உள்ள போன் நம்பர், மெயில் ஐடி இரண்டும் இப்போது பயன்பாட்டில் உள்ளவையா என்று பாருங்கள்.
* பதிவுகள், கமெண்ட்டுகள், படங்கள் மட்டும் தேர்ந்தெடுங்கள். மெசேஜ் எல்லாம் சேர்த்தால் ஃபைல் பெரிதாகும், அந்தரங்கமும் அதில் இருக்கும்.
* 'ஆல் டைம்', ஹெச்டிஎம்எல், உயர்தரப் படம் என்று கொடுங்கள்.
* வந்ததும் கணினியில் பிரித்து, முதல் வருடம், நடு வருடம், கடைசி வருடம் என மூன்று பதிவுகளைப் படித்துப் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் செய்தால் ஃபைலை அழித்து, லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.
* பென் டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ நண்பரிடமோ ஒன்று என மூன்று பிரதி.
* இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆர்க்கைவ். டிராஷ் பக்கம் விரல் போகவே வேண்டாம்.

ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்த பாடம்

அரியலூர் மாவட்டம் திருமழபாடி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜ சோழன் உத்தரவிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஒரு புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். கட்டி முடித்து, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இந்தத் தகவலும் அங்குள்ள கல்வெட்டிலேயே இருக்கிறது. திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளும் படியெடுத்து நூலாக அச்சானதால்தான், கோயிலுக்குப் போகாமலே இன்று ஆய்வாளர்கள் வாசிக்க முடிகிறது.

அவர்கள் கடைப்பிடித்த வரிசை இதுதான்: முதலில் படி எடு, அப்புறம் சுவரைத் தொடு. உங்கள் ஃபேஸ்புக் சுவருக்கும் அதே வரிசைதாங்க.