முந்தைய பருவத்தில் முளைக்கும் நோய்

உடலில் நடக்கும் அனைத்தையும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் ஏற்ற இறக்கமாகவே ஆயுர்வேதம் காண்கிறது. இவற்றைக் காற்று, பித்தநீர், சளி என்று கொள்வது பரவலான வழக்கம் என்றாலும், சரக சம்ஹிதை, சுசுருத சம்ஹிதை, வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம் ஆகிய நூல்கள் இவற்றைப் பெரும்பாலும் குணங்களைக் கொண்டே அடையாளம் காட்டுகின்றன. வறட்சியும் குளிர்ச்சியும் அசைவும் வாதத்தின் குணங்கள். சூடும் கூர்மையும் பித்தத்தின் குணங்கள். கனமும் குளிர்ச்சியும் வழுவழுப்பும் கபத்தின் குணங்கள். மூச்சு, நடை, மலம் கழிதல் போன்ற அசைவுகளை வாதமும், செரிமானம், பார்வை, உடற்சூடு ஆகியவற்றைப் பித்தமும், மூட்டுகளின் நெகிழ்ச்சியையும் உடலின் உறுதியையும் கபமும் நடத்துகின்றன என்பது கொள்கை. அளவோடு இருக்கும்போது உடலைத் தாங்குபவையும், அளவு பிறழும்போது அதைக் கெடுப்பவையும் இவையே; கெடுப்பதால்தான் இவற்றுக்குத் தோஷம், அதாவது குற்றம், என்று பெயர்.

இந்தக் கொள்கையில் மிகுந்த கவனத்துக்கு உரியது அதன் காலக் கணக்கு. தோஷம் முதலில் தன் இடத்திலேயே சேர்கிறது, அது சஞ்சயம். பிறகு சீற்றம் கொள்கிறது, அது பிரகோபம். சுசுருதர் இதை ஆறு படிகளாக விரித்து, ஐந்தாம் படியில்தான் பெயர் சொல்லத்தக்க நோய் வெளிப்படுவதாகக் கூறுகிறார். ஆகவே நோய் தெரியவரும் பருவம் ஒன்று, அது முளைவிட்ட பருவம் வேறொன்று.

வாக்படர் இதற்குத் தரும் விளக்கம் நுட்பமானது. கோடையின் வறட்சி வாதத்தைச் சேர்க்கிறது. ஆனால் வாதம் குளிர்ந்த இயல்புடையது என்பதால், வெயில் இருக்கும்வரை அது சீறாமல் அடங்கியிருந்து, மழை வந்து குளிர்ந்தவுடன் மூட்டுவலியாகவும் வயிற்று உப்புசமாகவும் கிளம்புகிறது. மழைக்காலத்தில் புளிப்பேறும் நீராலும் உணவாலும் சேரும் பித்தம், குளிர்ச்சியால் அமுங்கிக் கிடந்து, மழை விட்டு வெயில் திடீரென்று உறைக்கும் சரத் பருவத்தில் சீறுகிறது. பனிக்காலத்தில் உறைந்து சேர்ந்த கபமோ வசந்தத்தின் வெயிலில் உருகிச் செரிமானத் தீயை மந்தமாக்குகிறது.

மருத்துவ முறையும் இந்தக் கணக்கையே ஒட்டி அமைந்தது. கபத்துக்கு வசந்தத்தில் வாந்தி மருந்தும், பித்தத்துக்குச் சரத் பருவத்தில் பேதி மருந்தும், வாதத்துக்கு மழைக்காலத்தில் குதவழியாகச் செலுத்தும் வஸ்தியும் விதிக்கப்பட்டன. அன்றாட உணவுப் பொருள்களில் வாதத்துக்கு எண்ணெயும், பித்தத்துக்கு நெய்யும், கபத்துக்குத் தேனும் சிறந்தவை எனப்பட்டன. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் கர்க்கடக மாதத்தில் எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு மருந்துக் கஞ்சி குடிக்கும் வழக்கம் இந்த விதியோடு நன்றாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கோ ஐப்பசியும் கார்த்திகையுமே அடைமழைக்காலம் என்பதால், வடநாட்டுப் பருவங்களை வைத்து எழுதப்பட்ட இந்தக் கணக்கை இங்கே அப்படியே பின்பற்றுவது பொருந்தாது. அச்சடித்த பருவ அட்டவணையைக் கையில் கொடுப்பவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

வயதுக் கணக்கிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. இளமையில் கபமும், நடுவயதில் பித்தமும், முதுமையில் வாதமும் மேலோங்கும் என்கிறது ஆயுர்வேதம். தமிழ்ச் சித்த மருத்துவம் இளமையை வாதத்துக்கும் முதுமையை ஐயம் எனப்படும் கபத்துக்கும் கொடுக்கிறது. ஆயுர்வேதத்துக்குள்ளேயே காலத்துக்குக் காலம் மாற்றமும் உண்டு: தொன்றுதொட்டு வருவதாக நம்பப்படும் நாடி பார்த்தல்கூட, சரகரிடமோ சுசுருதரிடமோ இல்லாமல், பிற்காலத்துச் சார்ங்கதர சம்ஹிதையிலேயே தெளிவாகக் காணப்படுகிறது.

பிறவியிலேயே அமையும் தோஷ விகிதத்தைப் பிரகிருதி என்பர். இதற்கும் மரபணுக்களுக்கும் தொடர்பு உண்டா என்று இந்திய ஆய்வு நிறுவனங்கள் ஆராய்ந்து, சில முடிவுகளை வெளியிட்டுள்ளன. எனினும் வாதத்தையோ பித்தத்தையோ அளந்து காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கைப்பேசியில் பத்துக் கேள்விகளுக்கு விடை தட்டி, “பித்த உடம்பு” என்று முத்திரை குத்திக்கொள்வது, காலத்தையும் இடத்தையும் உணவையும் சேர்த்துப் பார்த்த ஒரு முறையைச் சோதிடமாகச் சுருக்குவதே ஆகும். ஆயுர்வேத வைத்தியரிடம் செல்வோர், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், அதை அவரிடம் தெரிவிப்பதோடு, கடந்த பருவத்தில் எதை உண்டோம், எப்படி உறங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும்.