கரையோர மரத்துக்கு ஏன் அவகாசம் வேண்டும்?

பரமத்தி வேலூர்க் காவிரிக் கரையில் நீர்மருது நட்டால் மண்ணரிப்பு குறையுமா? குறையும். ஆனால் நட்ட வருடமே குறையாது.

எப்படிக் குறைகிறது? மெல்லிய வேர்கள் மண்துகள்களைப் பின்னிப் பிடிக்கின்றன. கனத்த வேர்கள் ஆழத்தில் இறங்கிக் கரையைச் சரியாமல் தாங்குகின்றன. முதல் வேலைக்குச் சில பருவங்கள் போதும். இரண்டாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். கற்சுவர் கட்டிய அன்றே காக்கும், ஆனால் காலம் போகப்போக விரிசல் விடும். வேரோ தடித்துக்கொண்டே போகும்.

நடும் மாதமும் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். மே மாதம் வைத்த கன்றைப் புதுவெள்ளமே கொண்டுபோகலாம். வடகிழக்குப் பருவமழை ஓயும்போது, ஈரம் காயுமுன் வைத்தால், அடுத்த வெள்ளத்துக்குள் வேரோட ஏறக்குறைய ஆறு மாதம் கிடைக்கும். கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். எத்தனை கன்று நட்டோம் என்பதைவிட, ஐந்தாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்பதைத்தான் எண்ண வேண்டும் என்பேன்.

ஆற்றில் மணல் அள்ளும் விஷயம் இன்னும் கடினம். 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின், மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் இங்கே அள்ளும் வேகத்துக்கு ஆற்றால் ஈடுகொடுக்க முடியாது. படுகை தாழ்ந்தால் கரை செங்குத்தாகும். வேர் எட்டாத ஆழத்தில் அரிப்பு தொடங்கும்.