ஜூலியட்டின் சம்மதம்

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' காதல் நாடகம் எனப் போற்றப்படுகிறது. ஆயினும், திருமணங்களை ஆசீர்வதிக்கும் பொறுப்புடைய நாம், 1597இல் முதன்முதல் அச்சேறிய இத்துன்பியல் நாடகத்தைச் சம்மதத்தைக் குறித்த நாடகமாகவும் வாசித்தல் தகும்.

முதல் அங்கத்தில் ஜூலியட்டின் தந்தை கேபுலட் நல்ல தகப்பனாகவே தோன்றுகிறார். பாரிஸ் பிரபு பெண் கேட்கையில், தம் மகளுக்குப் பதினான்கு வயது நிரம்பவில்லை, இரண்டு கோடைகள் கழியட்டும் என்கிறார்; முதலில் அவள் உள்ளத்தைக் கவரும்படியும், அவள் இசைந்தால்தான் தம் விருப்பத்திற்கு இடமுண்டு என்றும் கூறுகிறார்.

மூன்றாம் அங்கத்தில் இவை யாவும் மறக்கப்படுகின்றன. உறவினன் டிபால்ட் கொலையுண்டு வீடு துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் திங்கள் இரவில், மகளைக் கேளாமலே தந்தை பாரிஸுக்கு வாக்களித்து, வியாழனன்று திருமணம் எனக் குறித்துவிடுகிறார். மறுநாட்காலை அவள் மறுத்ததும், புனித பேதுரு ஆலயத்திற்கு இழுத்துச் செல்வதாகவும், இணங்காவிடில் தெருவில் பட்டினியால் சாக விட்டுவிடுவதாகவும் அச்சுறுத்துகிறார். தாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ரோமியோவுடன் அவளுக்கு மணமாகிவிட்டதை அறிந்த செவிலியோ, பாரிஸையே மணக்கும்படி புத்தி சொல்கிறாள். பாரிஸ் தீயவனல்லன், செல்வமும் குலமும் வாய்ந்தவன். மகளின் கண்ணீரைத் துடைப்பதாகவே தந்தை எண்ணுகிறார். அன்பே வன்முறையாக மாறுவதுதான் இக்காட்சியின் கொடுமை.

பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் கட்டளையன்றோ எனச் சிலர் வினவலாம். எபேசியர் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பித்த கையோடு, தகப்பன்மாரின் அதிகாரத்திற்கும் எல்லை வகுக்கிறது. ஆதியாகமம் 24இல் ரெபெக்காளின் வீட்டார் அவளையே அழைத்து, போகச் சம்மதமா என்று கேட்கின்றனர். மார்ட்டின் லூத்தர் 1524இல் இதனைக் குறித்தே ஒரு சிறுநூல் எழுதினார்: பெற்றோர் பிள்ளைகளின் திருமணத்தைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ கூடாது, பிள்ளைகளும் பெற்றோரின் இசைவின்றி மணஒப்பந்தம் செய்யலாகாது. இவ்வளவுகோலின்படி ஜூலியட்டின் மறைவுத் திருமணமும் குறையுடையதே. ஆயினும் அதிகாரம் முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கையில், இரு குறைகளையும் சமமாக எடைபோடுதல் நீதியாகாது.

நம்மை அதிகமாய்ச் சிந்திக்க வைப்பவர் துறவி லாரன்ஸ். பெண்ணின் மனத்தை அறிந்தாயா என்று பாரிஸைக் கேட்பவர் அவர் ஒருவரே. கேள்வி சரியானது. ஆனால் விடையை அறிந்திருந்தும், மறைவாய் மணம் செய்துவைத்தவரே தாமாகையால், அதனைத் தந்தையின் முன்பாக அவர் சொல்லவில்லை. உண்மைக்குப் பதிலாக நாற்பத்திரண்டு மணிநேர உறக்கம் தரும் மருந்தைக் கொடுக்கிறார். கொள்ளைநோய்க் காவலால் அவர் கடிதம் ரோமியோவைச் சேராது போனதென்பது உண்மையே. எனினும் அழிவின் வேர் அக்கடிதமன்று. அச்சமின்றி மறுப்புச் சொல்ல அப்பெண்ணுக்கு ஓர் இடமும் இல்லாமற்போனதே வேர்.

நம் திருமண ஆராதனையிலும் மணமகளிடம் சம்மதம் கேட்கப்படுகிறது. விருந்தினர் நிறைந்த ஆலயத்தில் அதற்கு ஒரே விடைதான் சாத்தியம். ஆகவே நாள் குறிக்குமுன்பே போதகர் அவளைப் பெற்றோர் இல்லாவிடத்தில் சந்தித்துக் கேட்கட்டும். அவள் 'இல்லை' என்பாளாயின், அதனைத் தந்தையின் முன் அவளோடு நின்று எடுத்துரைக்கவும் ஆயத்தமாயிருக்கட்டும். அந்த ஆயத்தமின்றிக் கேட்கப்படும் கேள்வி வெறும் சடங்கேயாகும்.