எறியுமுன் ஒருமுறை வாசியுங்கள்

ஷஃபான் பிறந்துவிட்டால் எமது வீடுகளில் துப்புரவு வேலை தொடங்கிவிடும். அந்நாட்களில் என்னைப் போன்ற மௌலவிமாரிடம் வழமையாக வந்து சேரும் கேள்வி ஒன்றுண்டு. "பழைய அரபுக் கடதாசிகள் கிடக்கின்றன, என்ன செய்வது?" பதில் சிக்கலானதல்ல. அல்லாஹ்வின் பெயரோ குர்ஆன் வசனமோ உள்ள தாளைக் குப்பையில் போடாமல் மிதிபடாத இடத்தில் புதைக்கலாம். எரித்துச் சாம்பலையும் புதைக்கலாம். உஸ்மான் (ரழி) அவர்கள் குர்ஆன் பிரதிகளை ஒழுங்குபடுத்தியபோது ஏனைய ஏடுகளை எரிக்கப் பணித்ததை ஆலிம்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர்.

கடந்த வருடம் என் மாணவி ஒருத்தி ஒரு பையோடு வந்தாள். அடுப்படி அலுமாரியை ஒதுக்கும்போது, சமையல் புத்தகங்களுக்கு அடியில் மூத்தம்மாவின் துஆக் கொப்பி அகப்பட்டதாம். கறையான் அரித்திருந்தது. "உம்மா புதைச்சிரச் சொன்னாங்க, ஹஸ்ரத்" என்றாள்.

திறந்தேன். முதற்பக்கத்தில் பிஸ்மில்லாஹ். அதன் கீழே, "முட்டை பத்து, கருப்பட்டி ஒரு றாத்தல், தேங்காய் இரண்டு, ஏலம், கஜு." வட்டிலப்பம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் திக்கென்றது. மண்ணுக்குள் போக இருந்த கொப்பியல்லவா?

அது அரபுத்தமிழ். அரபு எழுத்துக்களோடு, அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காகப் புள்ளிகள் கூட்டிய எழுத்துக்களையும் சேர்த்துத் தமிழை எழுதும் முறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் மார்க்க நூல்கள் இவ்வெழுத்திலேயே இலங்கை வீடுகளிலும் வாசிக்கப்பட்டன. பாடசாலைக்குப் போகாத எத்தனையோ பெண்கள் ஓதும் பள்ளியில் அலிஃப், பே கற்றிருந்தார்கள். அந்த எழுத்திலேயே கடிதமும் எழுதினார்கள், கணக்கும் எழுதினார்கள். பேத்திமாருக்கோ தமிழும் தெரியும், குர்ஆனும் ஓதத் தெரியும்; இரண்டும் சேர்ந்த இந்த எழுத்து மட்டும் தெரியாது. அதனால்தான் வட்டிலப்பம் துஆவாகிவிட்டது.

மற்றப் பக்கங்களில் மாசிச் சம்பல், நெய்ச்சோறு, நோன்புக் கஞ்சி. பிள்ளைப் பெற்றவளுக்கு அரைக்கும் காயத்தின் சரக்குகள் மட்டும் இரண்டு பக்கம். எந்த மகளுக்கு எந்தப் பிள்ளையின்போது கொடுத்தது என்ற குறிப்பும் ஓரத்தில் இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் என் மனைவியின் இரண்டு பிஸ்கட் டின்களையும் இறக்கச் சொன்னேன். வருடக் கணக்காகச் சேர்ந்த பத்திரிகை வெட்டுக்கள். பட்டர் கேக்குக்கு மாத்திரம் ஏழு துண்டுகள்! அவ செய்வதோ எட்டாவது விதத்தில், மனக்கணக்கில். அவண் இல்லாத காலத்தில் ஆசையில் வெட்டியவை ஒரு கட்டு. "இதில் எதை ஒரு தடவையாவது ஆக்கினீர்?" என்று கேட்டேன். கோபித்துக் கொண்டா. கேள்வி நியாயமானதே, ஆனால் கேட்ட முறை பிழை. ஆக்கித் தருவதைச் சாப்பிட்டதைத் தவிர அந்த டின்களில் எனக்கென்ன பங்கு?

பிறகு அவவே பிரித்தா. ஆக்கிப் பார்த்து வீட்டார் கேட்டுச் சாப்பிட்டவை ஒரு புறம், ஒருநாளும் ஆக்காதவை மறுபுறம். பிரண்டி ஊற்றச் சொன்ன நத்தார் கேக் குறிப்பும் அந்த மறுபுறத்துக்கே போனது. என் வேலை தாள்களைத் திருப்பிப் பார்ப்பது. நமது சஞ்சிகைகளில் வெட்டியவையாதலால் முன்பக்கம் புடிங், பின்பக்கம் ஹதீஸ். அவற்றைத் தனியே எடுத்தேன். ஒரு டின் வெறுமையாகி மாவுக்குப் போனது. கையெழுத்தில் இருந்தவற்றில் ஒரு துண்டைக்கூட எறியவில்லை. அவவின் மர்ஹூமா உம்மா மருந்துச் சிட்டையின் பின்புறத்தில் எழுதிய அச்சாறும் அதில் இருந்தது.

பழைய கையெழுத்தைப் புதிய கொப்பிக்கு மாற்றும் சகோதரிகள் அளவுகளில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு றாத்தல் ஏறத்தாழ 454 கிராம். அவுன்ஸ் 28 கிராம். நான்கு சுண்டு ஒரு கொத்து. இவை இலகு. "பால்பேணியால் இரண்டு" என்றிருந்தால் எந்தப் பேணி என்று கேட்க வேண்டும். அந்தப் பேணியைத் துருப்பிடித்ததென்று எறிந்துவிட்டால் குறிப்பும் அதோடு போய்விடும். முட்டையும் அப்படித்தான். அன்றைய பத்து முட்டை வளவில் மேய்ந்த நாட்டுக்கோழியின் சிறு முட்டைகள். பண்ணை முட்டை அநேகமாகப் பெரியது; அதிலும் பத்து உடைத்தால் வட்டிலப்பத்தில் முட்டை வாடைதான் மேலோங்கும். ஏழோ எட்டோ போதும். கையால் அள்ளிப் போட்ட காலத்தவர்கள் உயிரோடிருந்தால், அவர்கள் ஆக்கும்போது பக்கத்தில் நின்று, அள்ளியதைத் தராசில் வைத்துக் கிராமில் எழுதுங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள். "கண் அளவுதான் மகள்" என்பார்கள்.

மாணவியின் கொப்பியைப் புதைக்கவில்லை. நான் வாசிக்க, அவள் தமிழில் எழுதினாள். நான்கு வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. முதல் வட்டிலப்பம் சற்று இளகிப் போனதாம். இருந்தும் ஒரு கிண்ணம் எனக்கு வந்தது. காயத்துக்கான சரக்குகளில் ஒரு சொல் மட்டும் இன்னும் விளங்கவில்லை. கறையான் தின்ற இடத்தில் இரண்டு எழுத்துக்கள் போய்விட்டன. மூத்தம்மாவின் தங்கை வெலிகமையில் இருக்கிறாராம். வரும் விடுமுறைக்கு உம்மாவும் மகளும் கொப்பியோடு போகிறார்கள்.