வசிப்பிடம்: சட்டம் தரும் பொருள்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பனச்சமூடு. இதனை அடுத்துள்ள விளவங்கோட்டுச் சிற்றூர்களும் இதுவும் ஒருகாலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும், பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கல்லைக் கேட்டு நடப்பவை அல்ல. அரசு விண்ணப்பத்தில் 'வசிப்பிடம்' என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

வீடு எங்கே இருக்கிறதோ அதுவே வசிப்பிடம் என்பது பொதுவான எண்ணம். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒரு தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' மட்டுமே அங்கு வாக்காளராகலாம். வீடு சொந்தமாக இருப்பது ஒன்றே அத்தகுதியைத் தராது என்று அதன் 20ஆவது பிரிவு கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் செல்வதால் அத்தகுதி போய்விடுவதுமில்லை. எனவே பனச்சமூட்டில் குடும்பத்துடன் வாழ்பவருக்கு விளவங்கோட்டில் ரப்பர்த் தோட்டமும் வீடும் இருந்தாலும், அவர் பாறசாலைத் தொகுதி வாக்காளரே. இரு தொகுதிகளில் பெயர் பதிவதற்கும் தடை உண்டு.

சீவனாம்ச வழக்கில் இதே சொல் சற்று நெகிழ்கிறது. 'வசித்தல்' என்பது தற்காலிகமாகத் தங்குவதையும் உள்ளடக்கும். ஆனால் போகிற போக்கில் வந்து செல்வதை உள்ளடக்காது என 1963இல் ஜாகீர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மனைவி வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்பதை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சேர்த்தது. கணவனால் கைவிடப்பட்டு, எல்லைக்கு அப்பால் தாய்வீட்டில் தங்கிவிட்ட பெண்ணுக்கு இந்த நெகிழ்வு சிறு உதவியன்று.

'டொமிசைல்' எனப்படும் நிலைவாழிடம் இவற்றினின்றும் வேறானது. ஓரிடத்தில் வாழ்வதோடு அங்கேயே நிலைத்திருக்கும் எண்ணமும் அதற்கு வேண்டும். இந்தியருக்கு உள்ளது இந்திய நாட்டின் நிலைவாழிடம் ஒன்றே. மாநிலத்துக்கு ஒன்று என்பது இல்லை என 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அலுவலகங்களில் 'டொமிசைல் சான்றிதழ்' என்று வழங்கப்படுவது உண்மையில் வசிப்பிடச் சான்றே. மருத்துவ முதுநிலைப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29இல் தன்வி பேல் வழக்கில் வழங்கிய தீர்ப்பிலும் இக்கருத்து வலியுறுத்தப்பட்டது.

பட்டியல் சாதியினர் நிலை மேலும் கடினமானது. சாதிப் பட்டியல் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது. ஆகவே, வேறு மாநிலத்தில் குடியேறுபவர் தம் சொந்த மாநிலத்தில் பெற்ற சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர இயலாது என 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் முடிவாயிற்று. தமிழ்நாட்டுப் பட்டியலில் சில சாதிகளுக்கு நேரே 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும்' என்ற வரம்பு இன்றும் காணப்படுகிறது. இவ்விரு பகுதிகளும் 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்தவை. பனச்சமூட்டிலிருந்து ஒரு பட்டியல் சாதிப் பெண் அடுத்த தெருவுக்கு ஒப்பான தொலைவில் மணமாகிச் சென்றாலும், தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கையில் அவர் வேறு மாநிலத்தவராகவே கருதப்படுவார்.