போடியிலேயே பொறியாளர் ஆகலாம்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இயந்திரங்களை வடிவமைக்கவும், பொறியியல் துறைக்கே தலைமை ஏற்கவும் வர வேண்டும். 2012 முதல் போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது.

இந்த வழியில் முன்னே நடந்தவர் ஒருவர் உண்டு. சென்னையைச் சேர்ந்த அ. லலிதா, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1943-ல் மின்பொறியாளரானார். பக்ரா நங்கல் அணையின் மின் பணிகளில் அவருக்குப் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் கூடிய முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் சென்றார். கிண்டியில் பேராசிரியராக இருந்த அப்பா அவருக்குத் துணை நின்றார். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. அதனால்தான் உதவித்தொகை முக்கியம்.

டிப்ளமோ, பொறியியல் மாணவிகளுக்கு மத்திய அரசின் 'பிரகதி' திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பெற்றோர்களே, மகளை முதலாண்டில் சேர்த்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.