சவாலிராமுக்கு எழுதிய கடிதங்கள்

விஞ்ஞானப் பாடத்துக்கென்று பிள்ளைகள் வைத்திருக்கும் செய்முறை நோட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பார்த்தவர்கள், ஒரே வாக்கியம் ஒரே பிழையோடு எல்லா நோட்டுகளிலும் நிற்பதைக் கண்டிருப்பார்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதி, பென்சிலால் படம் போட்டு, சிவப்பு மையில் கையெழுத்து வாங்கியதோடு அந்த எழுத்தின் ஆயுள் முடிந்துவிடுகிறது. இதைப் பிள்ளைகளுடைய குற்றமென்று நான் சொல்லமாட்டேன். விடை தெரிந்த ஒருவருக்கு, அவர் சொன்ன விடையையே திருப்பி எழுதிக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம் வந்தால் பெரியவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள்.

இந்த வழக்கத்தை மாற்ற நம் தேசத்தில் நடந்த முயற்சிகளுள் மிகவும் விசேஷமானது, நர்மதை நதிக்கரையில், மத்தியப் பிரதேசத்து ஹொஷங்காபாத் ஜில்லாவில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்த அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும் சேர்ந்து இதை ஆரம்பித்தன. டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் ஆராய்ச்சி நிலையங்களின் விஞ்ஞானிகளும் கிராமத்து உபாத்தியாயர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பாடங்களை உருவாக்கினார்கள். 1978இல் அந்த ஜில்லாவின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் பிறந்த ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் பிறகு அதன் பொறுப்பை ஏற்றது.

அவர்கள் தயாரித்த ‘பால வைஞானிக்’ புத்தகங்களில் விடைகள் கிடையா. இதைச் செய், இதைக் கவனி, என்ன கண்டாய், ஏன் அவ்வாறு எண்ணுகிறாய் என்று கேள்விகளாகவே தொடரும் அந்தப் பக்கங்களை எதிரே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து, பரிசோதனையைச் செய்து, தங்களுக்குள் தர்க்கித்து, கண்டதைத் தம் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதினாலன்றிப் பாடம் பூர்த்தியாகாது. ஒரே மேஜையின் நீளத்தைப் பத்துப் பேர் நுட்பமாக அளந்தால் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட எண்கள் கிடைக்குமென்பது அளந்து பார்த்த எவருக்கும் தெரியும். சாதாரண வகுப்பில் அந்த வேறுபாட்டை அழித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். இங்கோ வேறுபாடே ஒரு பாடமாயிற்று. அளவுகோலின் நுனி தேய்ந்திருந்ததா, கண்ணைச் சாய்த்துப் பார்த்தோமா, எந்த அளவு வரை வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்ற விசாரணையெல்லாம், எண்கள் எழுத்தில் இருந்தால்தான் நடக்கும்; வாயால் மட்டும் சொன்ன எண், வகுப்பின் கெட்டிக்காரப் பையன் சொன்ன எண்ணுக்கு இணங்கிப் போய்விடும்.

கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்தில்தான் பெரிய விஞ்ஞானிகளும் வளர்ந்தார்கள். புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்று, முறையான படிப்பு அதிகமில்லாமல் ஆராய்ச்சிசாலைக்குள் நுழைந்த மைக்கேல் ஃபாரடே, பலித்ததையும் பலிக்காததையும் பாராவுக்குப் பாரா இலக்கமிட்டு எழுதிவந்த தினக்குறிப்பில் கடைசி இலக்கம் 16041.

ஹொஷங்காபாத் திட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த யுக்தி சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரம். சந்தேகம் எதுவாயினும் அவருக்குக் கடிதம் எழுதலாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது; பிள்ளைகளும் எழுதினார்கள். அக்கடிதங்களுக்கு விஷயம் தெரிந்தவர்கள், தெரியாதபோது தேடிப் படித்தவர்கள், சவாலிராமின் பெயரில் பதில் அனுப்பினார்கள். இந்தச் சவாலிராம் மார்க்குப் போடுபவரல்லர்; பிள்ளை என்ன கேட்கப் போகிறது என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. அப்படிப்பட்ட வாசகர் ஒருவர் எங்கோ காத்திருக்கிறாரென்ற எண்ணம் வந்தவுடனே, ‘இலை வாடியது’ என்று நிறுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, எந்த இலை, எத்தனை நாளில், வெயிலிலா நிழலிலா என்று சொல்லவேண்டிய அவசியம் தானாகவே ஏற்பட்டுவிடுகிறது. துல்லியம் என்ற குணத்தை அதட்டி வரவழைக்க முடியாதென்பதும், அறிய விரும்பும் ஒருவருக்கு எழுதும்போது அது தானே வருமென்பதும் என் அபிப்பிராயம்.

பரீட்சையும் இதற்கேற்பவே மாறியது. புத்தகத்தையும் நோட்டையும் பரீட்சை மண்டபத்துக்குள் எடுத்துச் செல்ல அனுமதி இருந்தது. கைகளால் செய்துகாட்டும் பகுதியும் தனியாக இருந்தது. தன் கையெழுத்தே தனக்குத் துணையாகப் போகிறதென்று அறிந்த மாணாக்கன் அதை எவ்வளவு அக்கறையோடு எழுதியிருப்பான் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சுமார் 1000 பள்ளிகளுக்கும் சுமார் 1 லட்சம் பிள்ளைகளுக்கும் பரவியிருந்த நிலையில், 2002ஆம் ஆண்டு மாநில அரசாங்கம் திட்டத்தை நிறுத்தி, அப்பள்ளிகளைப் பொதுப் பாடப்புத்தகத்துக்கே திருப்பிவிட்டது. விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எழுப்பிய ஆட்சேபம் பயன்படவில்லை. முப்பது வருஷத்து அனுபவத்தை ஓர் உத்தரவால் ஒதுக்கிவைத்தது அவசரமான காரியமென்றே நான் கருதுகிறேன்.

எனினும் அதன் சாரமான பகுதியைக் கைக்கொள்ள எந்த உபாத்தியாயரும் அரசாங்க உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவினர் உப்புக் கரைசலைக் காய்ச்சிப் படிகம் எடுத்த விதத்தைத் தம் வார்த்தையில் எழுதட்டும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு உதவியின்றி, ‘ஆ’ பிரிவினர் அதைச் செய்து பார்க்கட்டும். எத்தனை கரண்டி உப்பு, தண்ணீர் எவ்வளவு, அடுப்பிலிருந்து இறக்கியது எப்போது என்ற கேள்விகள் சுவருக்கு அப்பாலிருந்து திரும்பி வரும்போது, எழுதியவர்கள் தாளை வாங்கி மறுபடி எழுதத் தொடங்குவார்கள். உபாத்தியாயர் சிவப்புப் பேனாவைத் திறக்கவேண்டிய வேலை அன்று இராது.